ஆற அமர ஐஸ் விட்ட கறி

ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கறியில் பாதி அன்றே குழம்பாகிவிடும். மீதி ஃப்ரீசருக்குப் போகும். செவ்வாய் கழிந்து புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த மீதி வெளியே வரும். ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ எந்த வீட்டு அடுப்பங்கரையிலும் இதைப் பார்க்கலாம். கல்லாய் இறுகிய பொட்டலம் ஒன்று கிண்ணத்திலோ, பாத்திரம் கழுவும் தொட்டியிலோ, ஜன்னல் திண்டிலோ வந்து உட்காரும். "கூலிங் போகட்டும்" என்று ஒரு சொல். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகிறவர் பள்ளிக்கூடத்துக்கும், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் வேலைக்கும், டவுனுக்குப் போகிறவர் பஸ்ஸுக்கும் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது பொட்டலம் நெகிழ்ந்து, இளஞ்சிவப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்.

வெறும் பழக்கமென்றால் விட்டுவிடலாம். இதற்குப் பின்னால் ஊரே ஒப்புக்கொண்ட ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஐஸ் தானாக, மெல்ல, ஆற அமர விட வேண்டும். அவசரப்படுத்தினால் கறி சக்கையாகிவிடும். தண்ணீரில் போட்டால் சாரம் இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் வெளியில் கிடந்தால்தான் என்ன, மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்தால் எந்தக் கிருமியும் மிஞ்சாது. இத்தனை வருஷமாக இப்படித்தான் செய்கிறோம், யாருக்கு என்ன ஆகிவிட்டது? கல்யாண வீட்டில், பஸ்ஸில், கறிக்கடை வாசலில் என்று எங்கே பேச்செடுத்தாலும் இந்த நான்கும் வரிசையாக வந்து நிற்கும். படித்தவர்களும் சொல்கிறார்கள், கைப்பக்குவத்துக்குப் பேர் வாங்கியவர்களும் சொல்கிறார்கள்.

நான்கும் தவறு. நம் ஊர்ச் சூட்டில், ஃப்ரீசரை விட்டு வெளியே வந்த கறிக்கு முதல் எதிரி நேரம். சீக்கிரம் இளக்கி உடனே அடுப்பில் ஏற்றுவது பத்திரம். ஆற அமர விடுவதுதான் ஆபத்து. இதை என் குடும்பத்தில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

கீரமங்கலம் பக்கம் என் அத்தாச்சி வீடு. ஒரு வைகாசி மாதம் நாங்கள் அங்கே போயிருந்தோம். அத்தாச்சி காலை ஆறு மணிக்கு ஒரு கிலோ கோழிக்கறியை எடுத்து மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது மணி ஐந்து. இரவு எட்டு மணிக்கு இலை போட்டாயிற்று: சோறு, கோழிக்குழம்பு, வெங்காயப் பச்சடி. மறுநாள் மத்தியானத்துக்குள் ஐந்து பேருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். இரண்டு பிள்ளைகளுக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அப்பத்தா ஒருவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவரோ குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டவர்.

டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். "கறியை எத்தனை மணிக்கு வெளியே எடுத்தீங்க? வேகவைக்காம என்னம்மா சாப்பிட்டீங்க?" இரண்டாவது கேள்விக்கு அப்பத்தா பதில் சொன்னார்: "பல்லு இல்லாதவ பச்சடிய எங்கய்யா திம்பேன்?"

அங்கேதான் விஷயம் வெளுத்தது. பதினோரு மணி நேரம் மேடையில் கிடந்த கறியிலிருந்து இறங்கிய தண்ணீர், கவரின் ஓட்டை வழியாகக் கசிந்து மேடை முழுக்கப் பரவியிருந்தது. அத்தாச்சி அதைத் துணியால் துடைத்துவிட்டு, அதே மேடையில், அதே பலகையில் வெங்காயம் அரிந்திருக்கிறார். குழம்பு கொதித்தது. பச்சடி கொதிக்கவில்லை.

"கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும்" என்பவர்களுக்கு என் முதல் பதில் இந்தப் பச்சடி. கொதிப்பது சட்டிக்குள் இருப்பது மட்டும்தான். கறித் தண்ணீர் பட்ட மேடையும் பலகையும் அரிவாள்மனையும் கொதிப்பதில்லை. துடைத்த துணி, தண்ணீர்க் குழாயின் பிடி, பக்கத்தில் கிடந்த கொத்தமல்லிக்கட்டு, தக்காளி எதுவும் கொதிப்பதில்லை. கோழிக்கறியில் சாதாரணமாக ஒட்டியிருக்கக்கூடிய சால்மொனெல்லா போன்ற கிருமிகள் 74 டிகிரியில் வெந்தால் சாகும், உண்மை. ஆனால் காலையில் சில நூறாக இருந்தவை மாலைக்குள் பல லட்சமாகப் பெருகிய பிறகு, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு பச்சை வெங்காயத்தில் பட்டால் போதும்.

இரண்டாவது பதில் இன்னும் கடினமானது. கொதிநிலைக்கும் அசையாத விஷங்கள் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி நம் மூக்கிலும் கைத்தோலிலும் புண்ணிலும் வாழ்வது. சூட்டில் நெடுநேரம் கிடக்கும் உணவில் அது பெருகினால் ஒரு நச்சைச் சுரக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். அது சுரந்துவிட்டுப் போன நச்சு அரை மணி நேரக் கொதிப்பையும் தாங்கும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வேறோர் உதாரணம் சொல்லலாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மீன்களின் சதையில் இயல்பாகவே ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைச் சாப்பிட்டவருக்குச் சற்று நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை வலிக்கும். "எனக்கு சூரை மீன் ஒத்துக்காது" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது மீனாக இருக்காது, அந்த மீன் வெயிலில் கிடந்த நேரமாக இருக்கும். ஹிஸ்டமினைக் குழம்பு வைத்தும் போக்க முடியாது, பொரித்தும் போக்க முடியாது, மறுபடி ஃப்ரீசரில் வைத்தும் போக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் பல வீடுகளில் ஃப்ரீசர் மீன் வெளியே வருகிறது. வருஷத்தில் வெயில் உச்சத்தில் நிற்பதும் அதே நாட்கள்தான்.

மஞ்சளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் நல்ல பொருள். கவிச்சியை அடக்கும், நிறம் கொடுக்கும். பகல் முழுக்க மேடையில் கிடந்த கறியை ஒரு கரண்டி மஞ்சள்தூள் மீட்டுவிடாது. மஞ்சள் போட்டுக் கழுவுகிற தண்ணீர் தெறிக்கும் இடமெல்லாம் கிருமி போய் உட்காரும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இப்போது நேரக் கணக்குக்கு வருகிறேன். குளிர் கிருமியைக் கொல்வதில்லை. அதன் பெருக்கத்தை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே உணவு இருக்கும் நேரமெல்லாம் கிருமிக்கு விளைச்சல் காலம். உடம்புக்கு நோய் தரும் பெரும்பாலான கிருமிகளுக்கு 35, 37 டிகிரி மிகவும் பிடித்த சூடு. சித்திரை வைகாசியில் நம் அடுப்பங்கரைகளின் சூடும் அதேதான். தோதான சூட்டில் ஒரு கிருமி 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். அத்தாச்சி வீட்டுக் கறி மேடையில் இருந்தது பதினோரு மணி நேரம். ஐஸாக இருந்த நேரம், அரைகுறையாக இளகிய நேரம் என்று ஐந்து மணி நேரத்தைத் தாராளமாகக் கழித்துவிடுவோம். மீதி ஆறு மணி நேரத்தில் பதினெட்டு முறை இரட்டிக்கும். ஒன்று 2 லட்சத்து 62 ஆயிரத்தைத் தாண்டும்.

"உள்ளே இன்னும் ஐஸ் இருக்கே, அப்புறம் எப்படிக் கெடும்?" என்று கேட்பார்கள். கிருமி பெரும்பாலும் இருப்பது கறியின் மேல்பரப்பில். முதலில் இளகுவதும் மேல்பரப்புதான். நடுவில் கல்லாக இருக்கும்போதே வெளிப்புறம் அறைச் சூட்டுக்கு வந்து மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கிறது. கட்டி எவ்வளவு பெரிதோ அந்தக் காத்திருப்பும் அவ்வளவு நீளம். சமைக்காத கறியையும் மீனையும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்று அமெரிக்க வேளாண்மைத் துறை தன் மக்களுக்குச் சொல்கிறது. அவர்களுக்கு 32 டிகிரி என்பது கோடையின் சில வாரங்கள். நமக்கு அது ஆண்டின் பெரும்பாதி.

இந்த உண்மையை நம் மாவட்டம் ஒரு முறை நன்றாகவே புரிந்துகொண்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னையும் பலாவும் சாய்ந்ததோடு மின்கம்பங்களும் சாய்ந்தன; பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அன்று ஃப்ரிட்ஜில் இருந்த கறியையும் மீனையும் யாரும் நம்பவில்லை. உடனே சமைத்துத் தீர்த்தார்கள், இல்லையென்றால் குழி தோண்டிப் புதைத்தார்கள். இத்தனைக்கும் கரண்ட் போன ஃப்ரிட்ஜ் ஒரேயடியாகச் சூடாகிவிடுவதில்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி நான்கு மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்த ஃப்ரீசர் 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். அந்தப் பெட்டியையே நம்பாத நாம், கரண்ட் இருக்கும் நாளில் அதே கறியை எந்தக் காப்பும் இல்லாத ஜன்னல் திண்டில் பகல் முழுக்க நம்பி விட்டுவிட்டுப் போகிறோம். புயல் நாளில் இருந்த புத்தி புதன்கிழமையில் ஏன் இல்லை?

அடுத்தது ருசி. சீக்கிரம் இளக்கினால் சாரம் போய்ச் சக்கையாகும் என்பது வாய்வழியாக வந்த பேச்சு. சொல்கிறவர்கள் யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. நிறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் ஜேனட் ஈஸ்ட்ரிட்ஜ், பிரையன் போக்கர் இருவரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு அங்குல தடிமன் உள்ள மாட்டிறைச்சித் துண்டுகளைக் காற்றுப் புகாத உறைகளில் உறையவைத்து, மூன்று விதமாக இளக்கினார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தவை இளக 18 முதல் 20 மணி நேரம் ஆயிற்று. 20 டிகிரித் தண்ணீரில் வைத்தவை சுமார் 20 நிமிடத்திலும், 39 டிகிரித் தண்ணீரில் வைத்தவை சுமார் 11 நிமிடத்திலும் இளகின. தண்ணீரில் சீக்கிரம் இளகியவை, ஃப்ரிட்ஜில் மெல்ல இளகியவற்றைவிடக் குறைவாகவே சாற்றை இழந்தன. வெந்த பிறகு மென்மையிலும் குறை இல்லை.

அப்படியானால் சாரம் எங்கே போகிறது? பெரும்பகுதி உறையும்போதே போய்விடுகிறது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். இரண்டு கிலோ கறியைக் கவரோடு சுருட்டி ஃப்ரீசரில் திணித்தால் அதன் நடுப்பகுதி உறைய வெகு நேரமாகும். மெல்ல உறையும் தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் ஊசிகளாக வளர்ந்து தசை நார்களைக் கிழிக்கும். சட்டென்று உறைந்தால் ஊசிகள் சிறுத்து, கிழிசலும் குறையும். கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்பவர் கனடாவின் லாப்ரடார் பகுதியில் கடுங்குளிரில் நொடியில் உறைந்த மீன், இளகிய பிறகும் புது மீன் போலவே இருப்பதைப் பார்த்தார். 1920களில் குளிர்ந்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே தட்டையான பொட்டலங்களை அழுத்தி உறையவைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். கறியின் ருசி காக்கப்படுவது தட்டையாக, விரைவாக உறைவதில். சுருட்டித் திணித்துக் கறியைக் காயப்படுத்திவிட்டு, இளக்கும்போது அவசரப்பட்டதுதான் குற்றம் என்பது நியாயமில்லை.

"தண்ணீரில் போட்டால் சாரம் இறங்கிவிடும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. வெறும் கறியைத் தண்ணீருக்குள் போட்டால் இறங்கத்தான் செய்யும், தண்ணீரும் கெடும். கவருக்குள் இருக்கும் கறிக்கும் வெளித் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர் அங்கே செய்வது சூட்டைச் சுமந்து தரும் வேலை மட்டும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஒரு கிராம் ஐஸை உருக்கத் தேவையான சூட்டை வைத்து அதே ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி வரை ஏற்றிவிடலாம். அத்தனை சூட்டைக் காற்று சொட்டுச் சொட்டாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால்தான் ஜன்னல் திண்டில் பொட்டலம் பகல் முழுக்கக் கிடக்கிறது.

இனி "அந்தக் காலத்திலிருந்தே" என்ற பேச்சு. இதைக் கேட்டால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நம் முன்னோர் பெயரைச் சொல்லி, அவர்கள் ஒரு நாளும் செய்யாத ஒன்றை நியாயப்படுத்துகிறோம். ஆடி ஆவணியில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து நடக்கும். ஆயிரம் பேர் பந்தியில் கறிச்சோறு தின்பார்கள். அந்தக் கறியின் கதை என்ன? இருட்டோடு ஆடு உரித்து, விடிவதற்குள் துண்டு போட்டு, வெயில் ஏறுவதற்குள் அண்டாவில் ஏற்றிவிடுவார்கள். கோயில் கிடாவெட்டிலும் அதே வேகம்தான். அறுப்பதற்கும் அடுப்புக்கும் நடுவே வெயிலுக்கு இடம் கொடுப்பதில்லை. ஒரே நாளில் தீராத கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் கட்டி உப்புக்கண்டம் போட்டார்கள். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் மிஞ்சிய மீனைக் கருவாடாக்கினார்கள். ஒன்று நேரத்தை முந்து, இல்லையென்றால் உப்பாலும் வெயிலாலும் ஈரத்தை எடுத்துவிடு என்பதே அவர்கள் கடைப்பிடித்த முறை. ஈரத்தோடு, உப்பில்லாமல், பகல் முழுக்கக் கறியைத் திறந்து வைத்திருந்த முன்னோர் யாரும் இல்லை. இன்றும் ஒரு விசைப்படகு ஐஸ் ஏற்றாமல் கடலுக்குக் கிளம்புவதில்லை. மீன் வலையை விட்டு வந்ததும் ஐஸுக்குப் போகிறது. நேரத்தின் அருமை தெரிந்த மரபு இது. ஃப்ரீசர் நம் வீட்டுக்கு வந்தது நேற்று. அதிலிருந்து எடுத்ததை மேடையில் போட்டுவிட்டுப் போவது அதற்கும் பின்னால் வந்த சோம்பல். அதற்கு மரபு என்று பெயர் வைக்காதீர்கள்.

"யாருக்கு என்ன ஆகிவிட்டது?" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை வரும் வயிற்றோட்டத்தைப் புதன்கிழமைக் கறியோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. சால்மொனெல்லா ஆறு மணி நேரத்திலும் வேலை காட்டும், மூன்று நாள் கழித்தும் காட்டும். அதற்குள் சூடு பிடித்துவிட்டது, தண்ணீர் மாறிவிட்டது, கண் பட்டுவிட்டது என்று காரணங்கள் வந்துவிடும். ஆகவில்லை என்று சொல்வதன் அர்த்தம், ஆனதை எண்ணவில்லை என்பதுதான்.

இன்னொரு தரப்பும் உண்டு. "ஃப்ரிட்ஜில் வைத்த கறியே விஷம், அன்றன்று வாங்கித் தின்" என்பார்கள். காலை ஐந்து மணிக்கு உரித்த ஆடு கொக்கியில் மதியம் பன்னிரண்டு வரை தொங்குகிறது. அதே ஆட்டில் ஆறு மணிக்கு வாங்கிய அரைக்கிலோ, ஏழு மணிக்குள் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசருக்குப் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு வாங்குவதற்குப் புதுக்கறி என்று பெயர். ஃப்ரீசரில் இருப்பதற்குப் பழைய கறி என்று பெயர். கிருமிக்கு நாள்காட்டி தெரியாது. சூட்டில் கழித்த மணிகளை மட்டுமே அது எண்ணும்.

இந்தப் பேச்சு போய் விடிவது எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணின் தலையில்தான். கறியை ஐஸில் வைத்துச் சமைப்பவள் சோம்பேறி. அதைச் சீக்கிரம் இளக்கப் பார்ப்பவள் அவசரக்காரி. காலை ஆறு மணிக்குச் சமையல் முடித்து ஏழு மணி பஸ் பிடித்து, மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறவளுக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் ஒரே வழி, காலையில் எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போவது. கெட்டுப்போனால் அந்தப் பழியும் அவளுக்குத்தான். டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்த பிள்ளை பக்கத்தில் நின்று அத்தாச்சி அழுதது என் கண்ணில் நிற்கிறது. தப்பு அவரிடம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறையில் இருந்தது.

சரி, முறையாகச் சொல்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஃப்ரீசரிலிருந்து முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்று, இரவு முழுக்க இருக்கட்டும் என்பது முதல் அறிவுரை. அதற்கு நான் எதிரியில்லை. முழுக்கோழி, தொடை, பெரிய மீன் ஆகியவற்றுக்கு அதுதான் வழி. இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அடியில் ஒரு தட்டு வைத்தால் கசிவும் அடங்கும். ஆனால் சொல்லாமல் விருந்தாளி வரும் ஊரில், நாளை என்ன சமைப்போம் என்று இன்றைக்கே தெரியாத வீட்டில், இதை மட்டுமே வழி என்று சொன்னால் ஜனங்கள் மறுபடி ஜன்னல் திண்டுக்குத்தான் போவார்கள்.

இரண்டாவது அறிவுரை, குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் வை என்பது. இது குளிர்நாட்டில் எழுதிய வாக்கியம். ஓடும் தண்ணீர் 21 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க உணவு விதித்தொகுப்பு சொல்கிறது. வைகாசி மத்தியானம் நம் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்தால் சுடுகிறது. மேலும், கண்மாயையும் ஆழ்குழாயையும் நம்பி வாழும் மாவட்டத்தில் ஒரு கறிப் பொட்டலத்துக்காகக் குழாயைத் திறந்துவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. நமக்கு நம் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கின் உயிர் தடிமனில் இருக்கிறது. கறி இளகும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு கூடும்: தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. எட்டு சென்டிமீட்டர் உருண்டையைத் தட்டி இரண்டு சென்டிமீட்டர் பலகையாக்கினால், மணிக்கணக்கு நிமிடக்கணக்காகிவிடும். தீபாவளிக்குப் பத்து வீடு சேர்ந்து ஆடு வாங்கினால் கூறு போடாமல் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அந்தக் கூறை ஃப்ரீசருக்கு முன்னாலும் போடச் சொல்கிறேன். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு, அரைக்கிலோவோ கால்கிலோவோ, ஒரு கூறு. ஓட்டையில்லாத கெட்டிக் கவரில் போட்டு, வாயை மட்டும் வெளியே விட்டுத் தண்ணீரில் மெல்ல இறக்கினால் உள்ளிருக்கும் காற்று தானாக வெளியேறும். வாயை இறுக்கி மூடி, துடைத்து, உள்ளங்கையால் தட்டி, இரண்டு விரல் தடிமனுக்கு மேல் போகாமல் தட்டையாக்கி ஃப்ரீசரில் படுக்கவையுங்கள். இறுகிய பிறகு புத்தகம் போல அடுக்கிக்கொள்ளலாம்.

சமைக்கும் நேரத்தில் அந்தக் கூறை எடுத்து, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கவரோடு அமுக்கி வையுங்கள். மண்பானைத் தண்ணீர் என்றால் உத்தமம். வெயில் நாளில் தொட்டித் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள், வேறு இல்லையென்றால் நாலு ஐஸ் கட்டி போடுங்கள். இடையில் ஒரு முறை புரட்டி, தண்ணீரை மாற்றினால் போதும். வெங்காயம் உரித்து மசாலா அரைப்பதற்குள் இளகிவிடும். மாற்றிக் கொட்டும் தண்ணீர் கவருக்கு வெளியே இருந்த தண்ணீர். கறிவேப்பிலை மரத்துக்கு விடலாம். தண்ணீருக்கும் பஞ்சமா? அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து அதன் மேல் கூறை வைத்து, தண்ணீர் நிரப்பிய இன்னொரு அலுமினியச் சட்டியை அதன் மேல் ஏற்றுங்கள். எவர்சில்வரைவிட அலுமினியம் பத்து மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். பேர்ட்ஸையின் இரண்டு தகடுகள் இங்கே தலைகீழாக வேலை செய்யும்.

குழம்பு என்றால் இளக்கவே வேண்டாம். தட்டையாக உறைந்த சிறு துண்டுகளை அப்படியே கொதிக்கும் மசாலாவில் இறக்கலாம். வேகும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், அவ்வளவே. எலும்போரம் வரை வெந்திருக்க வேண்டும். எண்ணெயில் மட்டும் உறைந்த கறியைப் போடாதீர்கள், வெடித்துத் தெறிக்கும். மைக்ரோவேவ் இருந்தால் அதிலும் இளக்கலாம். ஓரம் வெந்துகொண்டே இளகும் என்பதால் எடுத்த கையோடு சமைத்துவிட வேண்டும்.

எதிர்ப்பக்கத்தின் ஓர் எச்சரிக்கையை நான் முழுதாக ஏற்கிறேன். பெரிய கட்டியைக் கொதிநீரில் முக்குவது தவறு. வெளிப்புறம் வெளுத்து வெந்துபோகும், நடுவில் ஐஸ் நிற்கும், இடைப்பட்ட சதை கிருமிக்குப் பிடித்த சூட்டில் நெடுநேரம் கிடக்கும். ஆனால் இதற்கு மருந்து ஜன்னல் திண்டு அன்று, கூறு. தண்ணீரில் இளக்கிய கறியை மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்பாதீர்கள்; சமைத்துவிட்டு வேண்டுமானால் வையுங்கள். பச்சையாகத் தின்பதை எல்லாம் கறி எடுப்பதற்கு முன்பே அரிந்து மூடிவிடுங்கள்.

போன ஆவணியில் ஒரு மொய் விருந்துக்குப் போய்விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் அத்தாச்சி வீட்டில் போய் நின்றோம். "இருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். ஃப்ரீசரைத் திறந்தார், உள்ளே கூறுகள் அடுக்கி இருந்தன. ஒன்றை எடுத்து மண்பானைத் தண்ணீரில் அமுக்கினார். வெங்காயத்தை முதலில் அரிந்து தயிர் ஊற்றி மூடி வைத்தார். நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் கறி நெகிழ்ந்திருந்தது, தம்ளர்களைக் கழுவி வைப்பதற்குள் சட்டியில் ஏறியிருந்தது. இலையில் பச்சடி விழுந்தபோது அவர் ஒரு நிமிடம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தார்.

பிள்ளைகள் இரண்டாவது தடவையும் பச்சடி கேட்டார்கள். அத்தாச்சி கை நடுங்காமல் வைத்தார்.